பொங்கோல் மாதிரி நம்ம கரையிலும் ஓர் ஊர் வருமா?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. சிங்கப்பூரில் நீங்கள் வாடகைக்கு இருக்கும் பொங்கோல் ஒரு காலத்தில் மீனவர் கம்பம், அதாவது கிராமம். இன்று தண்ணீர் ஓரத்தில் அடுக்குமாடி, நடைபாதை, பாலம் என்று ஒரு நகரமே நிற்கிறது. பழையாறிலிருந்து வேளாங்கண்ணி வரை உள்ள நம் மீனவ ஊர்களும் ஒருநாள் அப்படி ஆகுமா என்பது ஒன்று. தரங்கம்பாடிக்குத் தெற்கே ‘கடல் பார்த்த வில்லா மனை’ என்று ஒரு தரகர் வீடியோவில் காட்டிய 5 சென்ட்டை வாங்கலாமா என்பது இன்னொன்று.

இரண்டாவதுக்கு முதலில் அரைப் பதில் சொல்லிவிடுகிறேன். சர்வே எண் கையில் வராமல் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்காதீர்கள். ‘மூன்று முறை கேட்டும் அனுப்பவில்லை’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனை விற்கிறவர் முதலில் தர வேண்டியதே அதுதான். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். நான் கட்டடப் பொறியாளன், ஓய்வு பெற்று நாகையில் இருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வீடு கட்டிய வேலைகளில் சில வருடம் மேற்பார்வையில் இருந்தவன் என்பதால் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள்.

பொங்கோலில் இருந்தே தொடங்குவோம். உங்கள் சன்னலில் தெரிவது கடல் இல்லை, கவனித்தீர்களா? அந்த நீர்வழி 4.2 கி.மீ. நீளத்துக்கு வெட்டிய கால்வாய், 2011இல் திறந்தார்கள். அதன் இரண்டு முனையிலும் இருப்பவை பொங்கோல், சிராங்கூன் நீர்த்தேக்கங்கள். இரண்டுமே முன்பு ஆற்று முகத்துவாரங்கள். அவற்றை அடைத்து, உப்புநீரை வெளியே நிறுத்தி, நல்ல தண்ணீர் ஏரியாக்கிய பிறகுதான் கரையில் கட்டடம் அழகாக நிற்கிறது. அதாவது தண்ணீர் ஏறாது, இறங்காது, அலை அடிக்காது. வடக்கே திறந்திருக்கும் பக்கமும் ஜோகூர் நீரிணை. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிற ஒடுக்கமான நீர். புயல் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். 2004 சுனாமியின்போதும் சுமத்ரா தீவே சிங்கப்பூருக்குச் சுவராக நின்றது.

இன்னொன்று, அது தானாக வளர்ந்த ஊரும் இல்லை. மலாய் மீனவர்கள் இருந்தார்கள். பிறகு சீனர்கள் பன்றிப் பண்ணையும் கோழிப் பண்ணையும் வைத்தார்கள். அவற்றையெல்லாம் அரசு படிப்படியாக அகற்றியது. 1966இல் வந்த நில எடுப்புச் சட்டம் கையில் இருந்ததால், துண்டு துண்டாகப் பேரம் பேச வேண்டிய வேலை இல்லை. 1996இல் பிரதமர் கோ சோக் டோங் ‘பொங்கோல் 21’ என்று திட்டத்தை அறிவித்தார். அடுத்த வருடமே ஆசிய நிதி நெருக்கடி வந்து வேலை தேங்கியது. 2007இல் லீ சியன் லூங் அதைப் புதுப்பித்து அறிவித்த பிறகுதான் நீங்கள் இன்று பார்க்கும் முகம் வந்தது. கட்டியது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், வீடு 99 வருடக் குத்தகை. இத்தனைக்கும் பிறகு, அங்கே மீன்பிடித் தொழிலே இல்லை. மீனவ கிராமம் ‘வளர்ந்து’ நகரமானது என்று விளம்பரப் பலகையில் எழுதலாம். நடந்தது, கிராமத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நகரத்தை வைத்தது. அது சரியா தப்பா என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேலை எப்படி நடந்தது என்று தெரியாமல் இங்கே ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

இப்போது நம் கரைக்கு வாருங்கள். தரங்கம்பாடிக் கோட்டை முன்னால் நின்று கிழக்கே பார்த்தால் அந்தமான், நிக்கோபார் வரைக்கும் அலையைத் தடுக்க ஒன்றுமே கிடையாது. 2004 டிசம்பர் 26 காலை 6.29க்குச் சுமத்ராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தது, ஒன்பது மணியை ஒட்டி அலை நாகைக் கரையில் இருந்தது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் போனார்கள். தமிழ்நாட்டில் இறந்தவர்களில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரு மாவட்டத்தில்தான். புயல் கணக்கைத் தனியாக எழுத வேண்டும்: 1952, 1977, காரைக்கால் பக்கம் கரையேறிய 2008 நிஷா, வேதாரண்யத்தைப் புரட்டிப் போட்ட 2018 கஜா.

அதைவிட மெதுவாக நடக்கிற ஒன்று இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. கரை நகர்கிறது. நம் பக்கம் கடலோர மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டே இருக்கும். எங்காவது துறைமுகத்துக்கோ முகத்துவாரத்துக்கோ கல்லைக் கொட்டி நீட்டினால், அதன் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை அரிக்கும். வடக்கே இருக்கிற ஊர்க்காரர்கள் அப்புறம் தங்களுக்கும் கல் கேட்பார்கள். அவர்களுக்கு வடக்கே இருப்பவர்கள் அதற்குப் பிறகு. ஆறு கொண்டு வரும் மண்ணும் முன்போல இல்லை. 1934இல் மேட்டூர் அணை நின்றதிலிருந்து காவிரியின் வண்டலில் ஒரு நல்ல பங்கு அங்கேயே படிகிறது. டெல்டா என்பதே ஆறு மண் போட்டு உண்டாக்கிய நிலம். போடுவது குறைந்தால் கடல் எடுப்பது கூடும். தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகரப் பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில், முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கட்டியவர்கள் கடலுக்குள் கொண்டுபோய்க் கட்டியிருக்க மாட்டார்கள்.

கடலோரக் குடியிருப்பு நமக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. புகார் நகரத்தைச் சிலப்பதிகாரம் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது, பள்ளியில் படித்திருப்பீர்கள். கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் பண்டசாலைகள், மீன் விற்கும் பரதவர், உப்பு விற்பவர்கள், கப்பலில் வந்து தங்கிய யவனர். உள்ளே தள்ளிய பட்டினப்பாக்கத்தில் அரச வீதி, பெரும் வணிகர்களின் மாடங்கள். இரண்டுக்கும் நடுவே சோலை, அந்த மரங்களுக்கு இடையில் நாளங்காடி. பணம் வைத்திருந்தவன் கடலை விட்டுத் தள்ளித்தான் வீடு கட்டினான் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ரசிக்கத் தோன்றும். கடல் பார்த்த பால்கனிக்கு அன்றைக்கு யாரும் கூடுதல் விலை கொடுத்ததாகத் தெரியவில்லை.

கரையின் முதல் வரிசை தொழில் செய்கிற இடம். ஃபைபர் படகை ஏற்றி வைக்க, வலை காய, வலை பொத்த, கருவாடு பரப்ப, ஏலம் போட, ஐஸ் பெட்டி இறக்க எல்லாம் அந்த மணல்தான். வரைபடத்தில் அது வெற்றுப் புறம்போக்காகத் தெரியும். ஆனால் யாருடைய படகு எங்கே நிற்க வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்டால் அடி கணக்கில் சொல்வார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை, வேலையில் அடிபட்டுக் கற்றேன். சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச் 30ஆம் தேதி 172 என்ற எண்ணில் ஓர் அரசாணை வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்களுக்கு அதைத் தாண்டிய இடத்தில் புது வீடு. போக விருப்பமில்லாதவர்கள் பழைய வீட்டைச் சொந்தக் காசில் சரி செய்துகொள்ளலாம், அரசு உதவி கிடையாது. கிராமத்தில் 3 சென்ட், நகரத்தில் ஒன்றரை சென்ட். வீடு சுமார் 325 சதுர அடி, மதிப்பு ஒன்றரை லட்சம். கணவன், மனைவி இரண்டு பேர் பெயரிலும் உரிமை. கடைசியாகச் சொன்னது அருமையான ஏற்பாடு என்று இன்றைக்கும் சொல்வேன்.

தொண்டு நிறுவனங்கள் வந்தன, கட்டினோம். இருபது வருடம் கழித்துப் பார்த்தால், டெல்டாவில் ‘மீனவ கிராமத்திலிருந்து வளர்ந்த நவீனக் குடியிருப்பு’ என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இந்தக் காலனிகள்தான். ஆனால் அவை வளர்ந்த விதம் நாங்கள் வரைந்த படத்தில் இருந்தது போல இல்லை.

நாங்கள் செய்த முதல் தப்பு, நேர்க்கோடு. பழைய ஊரில் வீடுகள் தாறுமாறாக நிற்பது போலத் தோன்றும். பூவரசும் வேம்பும் தென்னையும் நடுவில் இருக்கும், பாதி சமையல் மரத்தடியில் நடக்கும், அண்ணன் தம்பி வீடுகள் ஒரே முற்றத்தைப் பார்த்திருக்கும். புது இடத்தில் நாங்கள் மரத்தை வெட்டி, மணல் அடித்து மட்டம் செய்து, தெரு போட்டு, எண் ஒட்டி, ஒரே மாதிரி தட்டைக் கூரை வீடுகளை வரிசையாக நிறுத்தினோம். குலுக்கல் முறையில் ஒதுக்கிய இடங்களில் அண்ணன் ஒரு கோடி, தம்பி ஒரு கோடி. சித்திரை வெயிலில் கான்கிரீட் கூரைக்குக் கீழே யாராலும் உட்கார முடியவில்லை. வீட்டுக்குள் சமையலறைக்குப் பக்கத்தில் கழிப்பறை வைத்தோம். பல வீடுகளில் அதை விறகும் வலையும் போடும் அறையாக்கிவிட்டார்கள். ஒரு பாட்டி என்னிடம், “வூட்டுக்குள்ளயே எல்லாத்தையும் வச்சிட்டியே தம்பி, அடுப்ப மட்டும் நான் எங்க கொண்டு வைக்க?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது தப்பு, தூரம். பாதுகாப்புக்காகத் தள்ளிப் போனோம். சில இடங்களில் நிலம் கிடைத்ததே ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் உள்ளே, அதுவும் பள்ளமான வயலில். விடியலுக்கு முன் இரண்டு மணிக்கு, மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர்கள் எஞ்சினையும் வலையையும் எங்கே வைப்பார்கள்? கரையில் விட்டால் காவல் வேண்டும். முதலில் கரையில் ஒரு கொட்டகை போட்டார்கள். காவலுக்கு அப்பா அங்கே படுத்தார். அப்புறம் அப்பாவுக்குச் சோறு கொண்டு போக அம்மா. பிறகு கொட்டகைக்குச் சுவர். ஐந்தாறு வருடத்தில் பழைய ஊர் மறுபடியும் எழுந்துவிட்டது. கொஞ்சம் வசதி வந்தவர்கள், குறிப்பாக வீட்டில் ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருப்பவர்கள், அங்கேயே மாடி எடுத்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் பக்கம் போனால் டைல்ஸ் ஒட்டிய, பச்சையும் ஊதாவும் அடித்த வீடுகளைப் பார்ப்பீர்கள். மொட்டை மாடியில் நின்றால் படகு வருவது தெரியும். அந்த வீட்டுக்காரருக்கு அது காட்சி மட்டும் இல்லை, யார் வலையில் என்ன பட்டது என்ற செய்தியும் அதில் இருக்கிறது.

காலனி வீடுகள் என்ன ஆயின? சிலவற்றில் கல்யாணமான பிள்ளைகள். சில வாடகைக்கு. சிலவற்றில் மேலே ஒரு தளம் ஏற்றிவிட்டார்கள், அந்த அடித்தளம் அதைத் தாங்குமா என்று யாரிடமும் கேட்காமல். நிறைய வீடுகளில் கூரைக் கம்பி துருப்பிடித்து, பூச்சு பெயர்ந்து விழுகிறது. இந்தக் கடைசிச் சங்கதி உங்கள் வில்லாவுக்கும் பொருந்தும் என்பதால் பிறகு வருகிறேன்.

ஆக, முதல் கேள்விக்கு என் பதில்: பொங்கோல் போல ஆகாது, ஆக வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே ஊர்கள் நகரமாகிக்கொண்டுதான் இருக்கின்றன, ஆனால் மீனவர்கள் உள்ளே இருக்கும்போதே, அவர்கள் காசில், அவர்கள் அவசரத்தில். வெளியிலிருந்து பணத்தோடு வரும் உங்களுக்கோ எனக்கோ அந்த முதல் வரிசையில் இடம் கிடையாது. வேளாங்கண்ணி விதிவிலக்கு மாதிரித் தெரியும். அது கோயிலால் வளர்ந்த ஊர், 1962இல் பசிலிக்காவானது, அங்கே நிற்பவை லாட்ஜுகள், வந்து போகிறவர்களுக்கானவை. குடியிருப்பு என்ற கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

இடம் கிடையாது என்று நான் சொன்னது வெறும் அபிப்பிராயமும் இல்லை, சட்டமும் ஏறத்தாழ அதைத்தான் சொல்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் முதலில் வந்தது, 2011இலும் 2019இலும் மாற்றி எழுதினார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இதன் கைக்குள் வரும். கிராமப்புறக் கரை மூன்றாம் வகை. 2011 அறிவிக்கைப்படி முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. உள்ளூர் மீனவர் வீடுகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. உங்களுக்குத் தரகர் சொல்லாமல் விட்டது அதற்கு அடுத்த பட்டைதான். 200இலிருந்து 500 மீட்டர் வரை வீடு கட்டலாம், ஆனால் அங்கே ஏற்கெனவே இருக்கிற மீனவ ஊர் போன்ற, மரபு உரிமையும் வழக்கமும் உள்ள குடியிருப்புக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். உயரம் 9 மீட்டர், தரைத்தளமும் மேலே ஒரு தளமும். வெளியூர்க்காரர்களுக்கு வில்லா மனை போட்டு விற்பதை இந்த வரிக்குள் எப்படி நுழைப்பார்கள் என்று அவரிடமே கேளுங்கள்.

“இப்ப 50 மீட்டர்தான் சார், சட்டம் மாறிப்போச்சு” என்பார். 2019 அறிவிக்கையில் அப்படி ஒன்று இருக்கிறது, முழுசாகச் சொல்ல மாட்டார். 2011 கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் நெருக்கம் உள்ள கிராமப்புறக் கரைக்குத்தான் அந்த 50 மீட்டர். நெருக்கம் அதைவிடக் குறைந்த இடங்களில் பழைய 200 அப்படியே நிற்கிறது. 50 என்பதும் புது அறிவிக்கையின்படி வரைந்த கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற இடத்தில்தான். சவுக்கும் மணல் மேடும் மட்டும் இருக்கிற ஓர் இடத்தை வீடியோவில் காட்டிவிட்டு மக்கள் நெருக்கம் உள்ள இடம் என்று எப்படிச் சொல்வார்? மணல் மேடு தனியாகவே பாதுகாப்புக்கு உட்பட்டது. முதல் வகை, தொடவே கூடாது. நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் ஏற்கெனவே கட்டடம் நிறைந்த பகுதி என்றால் இரண்டாம் வகை. அங்கே பழைய சாலைக்கோ அனுமதி பெற்ற பழைய கட்டடத்துக்கோ நிலப் பக்கம் கட்டலாம். உங்கள் மனை எந்த வகை என்பதைக் கலெக்டர் அலுவலகத்தில், வரைபடத்தில் சர்வே எண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும். மறுபடியும் பாருங்கள், சர்வே எண்.

‘கடலே வேண்டாம், உப்பனாற்றங்கரை மனை இருக்கிறது’ என்று அடுத்து வருவார். அலை ஏறி இறங்கும் ஆற்று வாய்க்கும் இதே அறிவிக்கை பொருந்தும். 2011இல் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது. 2019இல் அந்த 100, 50 ஆனது. சட்டத்தை விடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் அங்கே போய் நின்றால் எதற்கு அந்த விதி என்று புரியும். டெல்டா முழுவதும் பெய்த மழை வாய்க்கால் வாய்க்காலாகச் சேர்ந்து கடைசியில் நண்டலாறு, அரசலாறு, வெட்டாறு, கடுவையாறு என்று இந்தச் சில வாய்களில்தான் வடிந்தாக வேண்டும். கோடையில் பல முகத்துவாரங்கள் மணல் அடைத்துக் கிடக்கும். வெள்ளம் வந்து உடைத்துக்கொண்டு போகும்போது, கடலும் பொங்கி எதிர்த்து நின்றால் தண்ணீர் திரும்பி வயலுக்கும் மனைக்கும் ஏறும். மனை போடுகிறவர்கள் மூன்றடி செம்மண் அடித்துத் தங்கள் இடத்தை உயர்த்திக்கொள்வார்கள். தண்ணீர் அப்போது பக்கத்து மீனவ ஊருக்குள் போகும். முதல் மழையிலேயே உங்களுக்கும் அந்த ஊருக்கும் பேச்சு வார்த்தை நின்றுவிடும். கடற்கரையில் வீட்டைக் கட்டிவிட்டு பக்கத்து ஊரோடு பகைத்துக்கொண்டு ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்க முடியாது.

தண்ணீரைப் பற்றி விளம்பரத்தில் ‘20 அடியில் இனிப்பான தண்ணீர்’ என்று போட்டிருந்தார்கள் என்றீர்கள். அது பொய்யில்லை. மணல் மேட்டுக்குக் கீழே மழைநீர் ஒரு வில்லை போல உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறி வரும். மீனவப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் அள்ளியவரை அந்த வில்லை பிழைத்தது. ஐம்பது வில்லாவுக்கு ஐம்பது போர் போட்டு, நீச்சல் குளத்துக்கும் புல்தரைக்கும் இறைத்தால் சில வருடத்தில் முடிந்தது கதை. உங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, பக்கத்து ஊர் ஊற்றுக்கும் சேர்த்து. வேதாரண்யம் வரை கொள்ளிடத்திலிருந்து குழாயில் குடிநீர் வருவது சும்மா இல்லை.

இனி கம்பித் துரு. என் சொந்தக் கதையே இருக்கிறது. நாகையில் கடலிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி 1998இல் வீடு கட்டினேன். அப்போது வேறு ஊரில் வேலை, ஒப்பந்தக்காரரை நம்பி விட்டேன். ஆற்று மணலோடு கடற்கரை மணலையும் கலந்திருக்கிறார். பன்னிரண்டு வருடத்தில் போர்டிகோவின் அடியில் பூச்சு தொங்கியது, தட்டினால் கம்பி இலை இலையாக உரிந்தது. பொறியாளன் வீட்டுக்கே இந்தக் கதி. உப்பு கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் தொட்டால் துரு பல மடங்கு பருத்து உள்ளிருந்து உடைக்கும், வெளியே பெயின்ட் அடித்து மறைக்க முடியாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456இன்படி கடலோரச் சூழலில் குறைந்தது எம் 30 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடல் வேண்டும். அலைத் தூவானம் படும் இடமென்றால் எம் 35, மூடல் 50 மி.மீ. நம் ஊரில் கொத்தனார் கைக்கணக்கு எம் 20, மூடல் முக்கால் அங்குலம். ‘கடலோர வீடு’ என்று விற்கிறவரிடம் இந்த இரண்டு எண்ணைக் கேளுங்கள். சதுர அடி விலை எவ்வளவு ஏறும் என்று அவர் அப்போதுதான் யோசிப்பார்.

பத்திரம், பட்டா பற்றி அதிகம் எழுத வேண்டாம், உங்கள் மாமா பதிவு அலுவலகத்துக்குப் போகிறவர்தான் என்றீர்கள். மூன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்த இடம் எப்படிப் பதிவாகியிருக்கிறது, புறம்போக்கா, தோப்பா, நஞ்சையா. பட்டா அரசு ஒப்படைப்பாக வந்ததா. அப்படியென்றால் நிபந்தனை இருக்கும், மீறினால் ரத்தாகும், வாங்கியவர் கையில் பத்திரம் மட்டும் மிஞ்சும். மூன்றாவது, மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் உண்டா. ‘வரன்முறை செய்த மனை’, அதாவது அங்கீகாரமில்லாமல் போட்டுப் பிறகு முறைப்படுத்தியது, என்றால் அது 2016 அக்டோபர் 20க்கு முன் பிரித்த மனையாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு போட்ட மனைக்கு அந்தச் சலுகை இல்லை.

சரி, கடல் பக்கம் வீடே கூடாதா என்றால், இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பொறையாற்றில் வாங்குவேன். பழைய கடைத்தெரு, பள்ளி, பஸ் எல்லாம் இருக்கிறது, சாயங்காலம் வண்டியை எடுத்தால் பத்து நிமிடத்தில் கோட்டை முன்னால் நிற்கலாம். திருக்கடையூரும் மோசமில்லை. அல்லது தரங்கம்பாடியிலேயே, உள்ளே தள்ளி, நத்தத்தில் யாராவது பழைய வீட்டை விற்றால் யோசிக்கலாம். டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டி 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை வாழ்ந்த ஊர், தெருக்கள் தாக்குப்பிடித்த ஊர். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே மரங்கள் இருக்கிற இடமாகப் பாருங்கள். வேதாரண்யம் பக்கத்தில் நாலுவேதபதியில் 2002இல் ஒரே நாளில் 80 ஆயிரத்துக்கும் மேல் மரக்கன்று நட்டுச் சாதனை படைத்தார்கள், அப்போது பலருக்கு அது விளம்பரமாகத் தெரிந்தது. இரண்டு வருடத்தில் சுனாமி வந்தபோது அந்தத் தோப்புக்குப் பின்னால் இருந்தவர்கள் பெரிய சேதமில்லாமல் தப்பினார்கள்.

கடைசியாக, வந்து பார்க்கும் நாள். தரகர் உங்களை மே மாதம் வரச் சொல்லியிருக்கிறார், பள்ளி விடுமுறை, பிள்ளைகளையும் கூட்டி வரலாம் என்று. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், கரையில் கூட்டமில்லை, நாற்றமில்லை, கடல் குளம் போல இருக்கும், தரை காய்ந்து கிடக்கும். மனை விற்க அதைவிட நல்ல மாதம் கிடையாது. நீங்கள் தீபாவளி விடுமுறையை ஒட்டி, நாலு நாள் மழை பெய்த பிறகு வாருங்கள். முழங்கால் வரை மடித்துக்கட்டத் தோதாக ஒரு கைலி எடுத்து வாருங்கள். சர்வே எண் கிடைத்திருந்தால் நானும் கூட வருகிறேன், வரைபடத்தை விரித்து அந்த ஊர்ப் பஞ்சாயத்தார் ஒருவரையும் வைத்துக்கொண்டு அளந்து பார்ப்போம். தரகரையும் வரச் சொல்லுங்கள், வந்தால்.